சுங்கை சிப்புட்டில் இருந்தபடி கத்தி தீட்டக் கற்பது: எந்தக் கல், என்ன செலவு, எப்படிப் பழகுவது

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கத்தி வாங்க ஐந்து நிமிடம் போதும். அதைத் தீட்டித் தர ஆள் தேடினால் அரை நாள் போய்விடும். சாணை பிடிக்கிறவர்கள் தெருவுக்கு வருவது நின்றுவிட்டது. இணையத்தில் தேடினால் கிடைக்கிற காணொளிகளில் பெரும்பாலானவை விலை உயர்ந்த ஜப்பானியக் கத்தியைப் பற்றியே பேசுகின்றன. நம் வீட்டில் இருப்பதோ தாய்லாந்தில் செய்த கிவி கத்தி, கோழி வெட்டும் சீனக் கத்தி, கொல்லைக்கு ஒரு பாராங் (நீண்ட வெட்டுக்கத்தி). இவற்றுக்கு என்ன வேண்டும் என்று யாரும் சொல்லித் தராததால் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். விலை உயர்ந்த கல்லால் மட்டும் கூர் வந்துவிடாது. பிசிறு (தீட்டும்போது வெட்டும் ஓரத்தில் எழும் மெல்லிய உலோக ஓரம்) என்றால் என்ன, அது எழுந்ததா, போனதா என்று விரலால் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் முப்பது வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள கல்லிலேயே தக்காளித் தோல் வழுக்காமல் அறுபடும். ஆறாம் படியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

1. கடைக்குப் போகுமுன் கத்திகளைப் பிரித்து வையுங்கள்

வீட்டிலுள்ள கத்திகளை மேசையில் பரப்பி, கைபேசி விளக்கை அலகின் வாய்க்கு, அதாவது வெட்டும் ஓரத்துக்கு, நேராகக் காட்டிப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பிக் காட்டாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகவும், உடைந்த இடம் புள்ளியாகவும் மின்னும்.

மெல்லிய சமையல் கத்தி, காய்கறி வெட்டும் மெல்லிய சீனக் கத்தி, எலும்பு வெட்டும் தடித்த கத்தி, பாராங் ஆகிய நான்கும் நீங்கள் தீட்டக் கூடியவை. பல் வைத்த ரொட்டிக் கத்தியைத் தட்டைக் கல்லில் வைக்காதீர்கள், பற்கள் தேய்ந்துவிடும். பீங்கான் கத்திக்கு வைரக் கல் மட்டுமே பிடிக்கும், அதுவும் எளிதில் உடையும். அதைத் தொடாமல் விடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் கத்தியில் பழகாதீர்கள். அதன் வாய் மடிந்த வடிவில் இருக்கும். உள்மூலைக்கென்றே தனியான சிறு கல் வேண்டும், கையும் வேறு மாதிரி போகும். செம்பனைக் குலை வெட்டும் வளைந்த அரிவாளும் அப்படித்தான். ஆனால் மரம் சீவிய பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடம் உங்கள் கத்தியைக் காட்டி, "ஐயா, பிசிறு முழுசா போயிருச்சா, கொஞ்சம் பாருங்க" என்று கேளுங்கள். மரப்பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துப் பழகிய விரல் அது, தடவிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். எனக்குக் கிடைத்த நல்ல பாடங்கள் அப்படிக் கேட்டு வந்தவைதான்.

2. கருவியைத் தேர்ந்தெடுப்பது

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் பல்பொருள் கடையிலும் முதலில் கண்ணில் படுவது, கத்தியைச் சொருகி இழுக்கும் பிளாஸ்டிக் கருவி. பத்து முதல் இருபத்தைந்து வெள்ளிக்குள் கிடைக்கும். அதற்குள் இரண்டு கடின உலோகத் துண்டுகள் குறுக்காக நிற்கும். அவை கத்தியின் வாயைச் சுரண்டி எடுக்கின்றன. இழுத்தவுடன் கூர் வந்ததுபோல் இருக்கும், ஆனால் வாய் கிழிந்து கரடுமுரடாகிவிடுவதால் சில நாளில் மறுபடி மழுங்கும். திரும்பத் திரும்ப இழுத்தால் அலகு தேய்ந்துகொண்டே போகும், பிடிக்கு அருகிலுள்ள பகுதியோ கருவிக்குள் சரியாகப் போகாமல் புடைத்து நிற்கும். மலிவான கத்தி, அவசரம் என்றால் சரி. நல்ல கத்திக்கு வேண்டாம்.

மின்சாரச் சாணையில் சூடுதான் பகை. வாய் மிக மெல்லியது, நொடியில் சூடேறிவிடும். அந்த இடத்தில் நீலம் பூத்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. பெரிய உடைசலைச் சரிசெய்யச் சாணைக்குக் கொடுப்பதானால், அடிக்கடி தண்ணீரில் முக்கிக் குளிர வைப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

கத்தியோடு பெட்டியில் வரும் வரிவரியான இரும்புக் கம்பி, தீட்டும் கருவி இல்லை. மடங்கிய வாயை நேராக்குவதுதான் அதன் வேலை. முழுக்க மழுங்கிய கத்தியை அதில் எத்தனை தடவை உரசினாலும் கூர் வராது. கடினமான ஜப்பானியக் கத்தியை அதில் உரசினால் வாய் உதிரும்.

மலிவான வைரத் தகடுகள் பதினைந்து வெள்ளியிலிருந்து கிடைக்கின்றன. சீக்கிரம் அரைக்கும், தட்டையாகவே இருக்கும், ஊறவைக்க வேண்டியதில்லை. ஆனால் புதியவர்கள் அழுத்தித் தேய்ப்பார்கள், அந்த அழுத்தத்தில் வைரத் துகள்கள் பெயர்ந்து தகடு வழவழப்பாகிவிடும். கை பழகிய பிறகு வாங்கலாம். கோணத்தைக் காந்தத்தால் பிடித்துக்கொடுக்கும் உருட்டுக் கருவிகள் நேரான சமையல் கத்திக்குச் சரிப்படும். பாராங்குக்கு உதவாது, விலையும் கூடுதல்.

ஆக, நான் சொல்வது கல். தண்ணீரில் தீட்டும் கல். அதன் சொரசொரப்பைக் கிரிட் எண் சொல்லும். எண் குறைந்தால் கல் சொரசொரப்பாக இருக்கும், நிறைய அரைக்கும். எண் கூடினால் வழவழப்பாக்கும். உடைசலுக்கு 220 முதல் 400 வரை, வழக்கமான தீட்டலுக்கு 800 முதல் 1000 வரை, வாயை மெருகேற்ற 3000க்கு மேல்.

கடைக்காரர்கள் 1000/6000 இரட்டைக் கல்லைத்தான் முதலில் காட்டுவார்கள். நம் வீடுகளுக்கு 400/1000 இரட்டைக் கல்தான் பொருத்தம் என்பது என் முடிவு. கிவி போன்ற கத்திகளின் எஃகு மென்மையானது, 6000இல் ஏற்றிய மெருகு அதில் நெடுநாள் நிற்பதில்லை. 1000இல் தீட்டிய வாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்பல் மிச்சமிருக்கும், தக்காளி, மிளகாய், கோழித் தோல் போன்றவற்றை அதுதான் பிடித்து அறுக்கும். தவிரவும், நம் கத்திகள் பெரும்பாலும் மிக மோசமாக மழுங்கிய பிறகே கல்லுக்கு வருகின்றன. அவற்றை 1000இலேயே தொடங்கினால் கை வலிக்கும், மனமும் சலித்துவிடும். 400 பக்கம் இருந்தால் வேலை பாதியாகும். ஜப்பானியக் கத்தி வைத்திருப்பவர்கள் கிங் நிறுவனத்தின் கேடபிள்யூ-65 மாதிரியான 1000/6000 கல்லை வாங்கினால் வீணாகாது.

பாராங்குக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் கரும்சாம்பல் நிற இரட்டைக் கல்லே போதும். கிரிட் எண் பெரும்பாலும் எழுதியிருக்காது. அதை வெளி வேலைக்கு மட்டும் வையுங்கள்.

3. எங்கே வாங்குவது, எவ்வளவு, என்ன ரசீது

ஹார்ட்வேர் கடையில் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) "பத்து ஆசா" (மலாயில் தீட்டுக்கல்) என்று கேட்டால் எடுத்துத் தருவார். எட்டு முதல் இருபது வெள்ளிக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் விரலால் தடவி, ஒரு நேர்க்கோலை மேலே வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கல் வளைந்திருக்கிறது, வேறு கேளுங்கள். மூலையில் விரிசல் இருந்தாலும் வேண்டாம்.

400/1000 தண்ணீர்க் கல் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காமல் போகலாம். ஈப்போவில் தேடலாம், இல்லாவிட்டால் ஷோப்பி, லசாடா போன்ற இணையக் கடைகள். பெயர் தெரியாத கல் முப்பதிலிருந்து அறுபது வெள்ளி. பெயருள்ள ஜப்பானியக் கல் நூறு வெள்ளியைத் தாண்டும். நீளம் 18 சென்டிமீட்டருக்கும் அகலம் 6 சென்டிமீட்டருக்கும் குறையாமல் இருக்கட்டும். சிறிய கல்லில் கோணம் பிடித்துப் பழகுவது கடினம். "10000 கிரிட்" என்று போட்டு இருபது வெள்ளிக்கு விற்பதை நம்பாதீர்கள்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கும்போது ஒரு கணக்கு: 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி விற்கப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பட்டியலில் காட்டிய விலையைப் பார்த்து முடிவெடுக்காமல், பணம் செலுத்தும் பக்கத்தில் வரும் மொத்தத்தைப் பாருங்கள். அனுப்புவதற்கு ஆகும் நாளையும் பாருங்கள். உள்நாட்டுக் கிடங்கிலிருந்து சில நாளில் வருவது, வெளிநாட்டிலிருந்து வர வாரக் கணக்கில் ஆகலாம்.

கல் கனமானது, வழியில் உடையும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே அழுத்துங்கள். ரசீது, விற்பனையாளர் அனுப்பிய செய்திகள், பொருளின் விளம்பரப் படம் மூன்றையும் சேமித்து வையுங்கள். உள்நாட்டு விற்பனையாளர் ஏமாற்றிவிட்டுப் பதில் தராமல் போனால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம், கட்டணம் ஐந்து வெள்ளிதான். அங்கேயும் இதே ஆவணங்களைத்தான் கேட்பார்கள்.

ஆக மொத்தம்: இரட்டைக் கல் ஒன்று, பாராங் கல் ஒன்று, ஒரு மார்க்கர் பேனா, கொஞ்சம் உப்புத்தாள். பெரும்பாலும் எண்பது வெள்ளிக்குள் முடித்துவிடலாம்.

4. கல்லையும் இடத்தையும் தயார் செய்வது

கல்லைத் தண்ணீரில் போடுங்கள், குமிழி வருவது நிற்கும்வரை ஊறட்டும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம். சில கற்களுக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும், பெட்டியில் எழுதியிருக்கும். இரட்டைக் கல்லை நாள் முழுக்க ஊறப்போட்டால் ஒட்டிய இடம் பிரிந்துவிடும். ஒருமுறை எண்ணெய் விட்ட கல் அப்புறம் தண்ணீரை ஏற்காது. அதனால் புதுக் கல்லில் எண்ணெய் விடாதீர்கள்.

நனைத்துப் பிழிந்த துணியை மேசையில் விரித்து, அதன்மேல் கல்லை வையுங்கள். அசைத்துப் பாருங்கள், நகரக் கூடாது. கல் உங்கள் இடுப்பு உயரத்தில் இருந்தால் தோள் வலிக்காது. தரையில் குந்தியிருந்து பழக வேண்டாம், கோணம் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் பக்கத்தில் ஓடி விளையாடாத நேரமாகப் பாருங்கள். முதல் கத்திக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழகியபின் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

5. கோணம்

சமையல் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகை. எலும்புக் கத்திக்கும் பாராங்குக்கும் 25 முதல் 30. பாகைமானியை அலகில் வைத்துப் பார்க்க முடியாது, ஆகவே கத்தியின் முதுகு கல்லிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அலகின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால், 15 பாகைக்கு முதுகு சுமார் 10 மில்லிமீட்டர் உயரம், 20 பாகைக்கு 14 மில்லிமீட்டர். அகலம் 5 சென்டிமீட்டர் என்றால் 13, 17. அந்த உயரத்துக்குச் சில்லறைக் காசுகளை அடுக்கி, முதுகை அதன்மேல் சாய்த்துப் பாருங்கள். கை அந்தச் சாய்வை நினைவில் வாங்கியதும் காசை எடுத்துவிடலாம்.

மார்க்கர் பேனா எதற்கு என்றால், வாயோரம் முழுவதும் மை பூசிவிட்டு நான்கைந்து முறை தேய்த்துப் பாருங்கள். மை வாயின் நுனிவரை அழிந்தால் கோணம் சரி. நுனியில் மை நின்று மேலே மட்டும் அழிந்தால் முதுகைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நுனியில் மட்டும் அழிந்தால் தாழ்த்துங்கள். இரண்டு வெள்ளிப் பேனா, ஆனால் தொடக்கத்தில் இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

பாகை ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது. தொடங்கிய கோணத்தைக் கடைசிவரை மாற்றாமல் பிடிப்பதே முக்கியம்.

6. தீட்டுவதும் பிசிறை எழுப்புவதும்

400 பக்கம் மேலே இருக்கட்டும். வலது கையில் பிடியைப் பிடித்து, ஆள்காட்டி விரலை முதுகோடு நீட்டிக்கொள்ளுங்கள். இடது கையின் இரண்டு மூன்று விரல் நுனிகளை, கல்லைத் தொடும் வாய்க்கு நேர் மேலே அலகின்மீது வையுங்கள். எந்த இடத்தில் விரல் அழுத்துகிறதோ அந்த இடம்தான் தேயும். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிடிப்பக்கம், நடு, நுனி என்று அலகை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேயுங்கள். வாய் பின்தங்கி, முதுகு முன்னே போகும் திசையில் அழுத்தம் கொடுங்கள். திரும்பி வரும்போது அழுத்தத்தை விட்டுவிடுங்கள், கோணத்தை மட்டும் விடாதீர்கள். நுனி வளைவுக்கு வரும்போது பிடியைச் சற்றே உயர்த்தினால்தான் வாய் கல்லைத் தொடும். நுனி மட்டும் மழுங்கியே கிடப்பதற்கு, பிடியை உயர்த்தாமல் விடுவதுதான் காரணம்.

எவ்வளவு அழுத்துவது என்று புரியாவிட்டால் சமையலறைத் தராசின்மேல் கல்லை வைத்து அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ, முடிக்கும்போது அரைக் கிலோவுக்கும் கீழே. கல்லில் ஊறி வரும் சேற்றைக் கழுவிவிடாதீர்கள், அரைக்கும் வேலையில் பாதி அதனுடையது. உலர்ந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

இப்போது பிசிறு. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால், இரண்டு பக்கமும் சந்திக்கும் நுனிக்கோடுவரை கல் எட்டியதும், மிக மெல்லிய உலோக ஓரம் ஒன்று மறுபக்கமாக மடிந்து எழும். கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. தேய்க்காத பக்கத்தில் பெருவிரலை வைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே தடவுங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள், விரல் அறுந்துவிடும். ஓரத்தில் சொரசொரவென்று தட்டினால் அதுதான் பிசிறு. விரலில் தெரியாவிட்டால் பஞ்சை அதே திசையில் இழுத்துப் பாருங்கள், பிசிறு உள்ள இடத்தில் இழை சிக்கும்.

பிசிறு எழாமல் பக்கத்தை மாற்றாதீர்கள். "இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது" என்று எண்ணிக்கையை மட்டும் நம்பித் தேய்ப்பதால்தான் பலருக்கும் கூர் வருவதில்லை. மழுங்கிய கத்திக்கு ஐம்பதும் போதாது, ஓரளவு கூராக இருப்பதற்குப் பத்தே போதும். பிடியிலிருந்து நுனிவரை ஓரிடமும் விடாமல் பிசிறு தட்டுகிறதா? தட்டாத இடத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தேயுங்கள். முழுக்க எழுந்ததும் கத்தியைத் திருப்பி, மறுபக்கமும் அதேபோல.

இரண்டு பக்கமும் ஆனபிறகு கல்லை 1000 பக்கம் திருப்பி, அழுத்தத்தைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். இந்த முறை பிசிறு சீக்கிரம் எழும், சிறிதாகவும் இருக்கும்.

7. பிசிறை எடுப்பது

தீட்டிய அன்று மயிரை மழிக்கும் அளவுக்குக் கூர், மறுநாள் வெங்காயத்தில் வழுக்கல் என்றால், பிசிறு போகவில்லை. அது வாயில் ஒட்டிக்கொண்டு கூர்போல் நடித்து, முதல் வேலையிலேயே மடங்கிவிடுகிறது.

1000 பக்கத்தில், கத்தியின் எடை மட்டும் படும்படி, வாய் முன்னே போகும் திசையில் ஒவ்வொரு பக்கமும் மாறி மாறி ஒரு முறை இழுங்கள். ஐந்தாறு தடவைக்குப் பின் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். எங்கேயும் தட்டக் கூடாது. அப்புறம் பழைய நாளிதழை நான்காக மடித்துக் கல்லின்மேல் விரித்து, இந்த முறை வாய் பின்தங்கும் திசையில் பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுங்கள். பழைய தோல் இடைவார் இருந்தால் இன்னும் நல்லது.

கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, அதே நாளிதழில் ஒரு தாளைக் கையில் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். சிக்கும் இடத்தில் பிசிறு மிச்சம், கிழியும் இடத்தில் மழுங்கல் மிச்சம். அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.

8. பாராங்கும் எலும்புக் கத்தியும்

இவற்றைக் கல்லின்மேல் வைப்பதைவிட, கத்தியை மேசையோரத்தில் அசையாமல் வைத்துக் கல்லைக் கையில் எடுத்துத் தேய்ப்பது எளிது. கல்லைப் பிடிக்கும் விரல்கள் வாயோரத்துக்கு வெளியே நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் உரிக்கிற, வாழை சாய்க்கிற கத்திக்கு மெல்லிய கூர் வைத்தால் முதல் வெட்டிலேயே உதிரும். 400இல் நிறுத்துங்கள். வாசல் சிமெண்டில் உரசுவது பாராங்குக்கு அவசரத்துக்கு ஆகும். சமையல் கத்தியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

பாராங்கை வெளியே எடுத்துச் செல்வதில் சட்டம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் தாக்கும் ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சட்டப்படியான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. சாணைக்குக் கொண்டுபோவதானால் உறையிலோ தடித்த அட்டையிலோ சுற்றி, காரின் பின்பெட்டியில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் வெறுமனே போட்டுக்கொண்டு போகாதீர்கள். போகிற வேலை முடிந்ததும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள், வண்டியிலேயே நாள்கணக்கில் கிடக்க வேண்டாம்.

9. கூரையும் கல்லையும் காப்பாற்றுவது

கண்ணாடிப் பலகை, பீங்கான் தட்டு, கல் மேடை மூன்றும் வாயைக் கொன்றுவிடும். மரப் பலகை அல்லது பிளாஸ்டிக் பலகை போதும். உறைந்த இறைச்சியைக் கத்தியால் பிளக்காதீர்கள். இரும்புக் கத்தி என்றால் எலுமிச்சை, புளி, மாங்காய் பட்டவுடன் துடைத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் ஓர் இரவிலேயே துரு பூக்கும். வாரம் ஒருமுறை நாளிதழிலோ தோலிலோ இழுத்து வந்தால், கல்லை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

கல்லின் நடுப்பகுதி தேய்ந்து குழியும். குழிந்த கல்லில் கோணம் நிற்காது. பென்சிலால் கல்லின்மேல் கட்டம் போடுங்கள். தட்டையான தரை ஓடு ஒன்றின்மேல், தண்ணீரில் நனையத்தக்க 120 அல்லது 220 கிரிட் உப்புத்தாளை நனைத்து விரித்து, கோடுகள் முழுக்க மறையும்வரை கல்லைத் தேயுங்கள். நடுவில் கோடு மிச்சமிருந்தால் குழி இன்னும் இருக்கிறது. தாள் ஒன்று இரண்டு வெள்ளிக்குள் கிடைக்கும். நாலைந்து கத்தி தீட்டியதும் ஒருமுறை செய்தால் பத்து நிமிட வேலை. குழி ஆழமாகும்வரை விட்டால் ஒரு பொழுது போய்விடும். முடித்ததும் கல்லைக் கழுவி, காற்றுப் படும் நிழலில் பக்கவாட்டில் நிறுத்திக் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.